ஆறு குரங்குகளில் வென்ற ஊசி காங்கோவுக்கு எப்போது போகும்?

1,448. 607. 54. 2024 செப்டம்பரில் 'செல்' ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரையின் சாரம் இந்த மூன்று எண்களுக்குள் அடங்கிவிடுகிறது. குரங்கம்மை எனப்படும் எம்பாக்ஸ் வைரஸை, உயிரைப் பறிக்கும் அளவுக்கு, மூன்று குழு மெக்காக் குரங்குகளுக்குச் செலுத்தினார்கள். தடுப்பூசியே போடாத குழுவில் நோய் முற்றியபோது எண்ணிய கொப்புளங்கள் 1,448. இன்று உலகம் நம்பியிருக்கும் எம்விஏ வகைத் தடுப்பூசி பெற்ற குழுவில் 607. மாடர்னா நிறுவனத்தின் எம்ஆர்என்ஏ-1769 ஊசி பெற்ற குழுவில் வெறும் 54. ஊசி போடாத ஆறு குரங்குகளில் ஐந்து செத்துப்போயின. இரண்டில் எந்த ஊசி போட்டிருந்தாலும் எல்லாக் குரங்குகளும் பிழைத்தன. ஆனால் எம்ஆர்என்ஏ பெற்றவை எம்விஏ பெற்றவற்றைவிடப் பத்து நாட்களுக்கும் மேல் முன்னதாகவே நோயிலிருந்து மீண்டன.

படித்தவுடன் பழைய ஊசியின் காலம் முடிந்தது என்று சொல்லத் தோன்றும். அது அவசரம். குழுவுக்கு ஆறு குரங்குகள்தான். ஊசியைத் தயாரித்த மாடர்னாவும் அமெரிக்க ராணுவத்தின் தொற்றுநோய் ஆய்வகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. இருந்தாலும் தள்ளிவிடவும் முடியாது. அதே ஆண்டின் தொடக்கத்தில், அதே இதழில், ஜெர்மனியின் பயோஎன்டெக் நிறுவனம் பிஎன்டி-166 என்ற தன் எம்ஆர்என்ஏ ஊசியைப் பற்றி எழுதியிருந்தது. எம்பாக்ஸின் கொடிய கிளையான முதலாம் கிளை வைரஸைச் செலுத்திய பிறகும் ஊசி பெற்ற குரங்குகளில் ஒன்றுகூடச் சாகவில்லை, கொப்புளங்களும் அடக்கப்பட்டன. ஒன்றோடொன்று போட்டியிடும் இரண்டு நிறுவனங்கள் தனித்தனியே நடந்து ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. ஆகவே இந்த அறிவியலை நம்பலாம். நம்பிக்கை குறைவது அதற்கு அடுத்த கட்டத்தில்தான். இந்த ஊசி மனிதர்களிடம் நிரூபிக்கப்படுமா, நோய் உண்மையிலேயே வாட்டும் ஊர்களில் நிரூபிக்கப்படுமா, அந்த ஊர்க்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் வருமா என்ற கேள்விகளுக்கு இதுவரை கிடைத்திருக்கும் பதில்கள் தெம்பளிப்பவையாக இல்லை.

முதலில் அறிவியல். கொரோனாவுக்கு எம்ஆர்என்ஏ ஊசி அவ்வளவு விரைவில் கைகூடியதற்கு அந்த வைரஸின் எளிமையும் ஒரு காரணம். 2020 ஜனவரியில் அதன் மரபணு வரிசை வெளியானது. மார்ச் 16 அன்று முதல் மனிதருக்கு ஊசி போட்டாயிற்று. வைரஸின் மேலே துருத்திக்கொண்டிருக்கும் ஸ்பைக் என்ற ஒரே புரதத்தின் செய்முறையை எம்ஆர்என்ஏவில் எழுதி, கொழுப்புத் துளிகளில் பொதிந்து உடலுக்குள் அனுப்பினால் போதுமானதாக இருந்தது. உடலின் செல்களே அந்தப் புரதத்தைத் தயாரித்துக்கொண்டன, நோயெதிர்ப்பு மண்டலம் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டது. அம்மை வைரஸ்கள் அப்படிப்பட்டவை அல்ல. கொரோனாவின் மரபணு வரிசை சுமார் 30,000 எழுத்துகள் என்றால் எம்பாக்ஸுடையது சுமார் 1,97,000. அதில் ஏறக்குறைய 200 புரதங்களுக்கான குறிப்புகள் இருக்கின்றன. எந்தப் புரதத்தைப் பொறுக்கி எடுப்பது?

போதாக்குறைக்கு இந்த வைரஸுக்கு இரண்டு உருவங்கள் உண்டு. வெளியூருக்கு ஒரு சட்டையும் வீட்டுக்குள் நடமாட அதன்மேல் ஒரு மெல்லிய சால்வையும் வைத்திருக்கும் ஆளைப்போல, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவும்போது ஒரு கோலத்திலும், தொற்றிய உடலுக்குள் செல்லுக்குச் செல் பரவும்போது கூடுதலாக ஓர் உறை போர்த்திய கோலத்திலும் அது இருக்கிறது. முதல் கோலத்தை அடையாளம் காணும் எதிர்ப்பொருளுக்கு இரண்டாவதைத் தெரியாது.

இதை அறிவியலாளர்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். பெரியம்மைத் தடுப்பூசியில் இருந்தது உயிருள்ள வாக்சினியா வைரஸ்; சிலருக்கு அது கடுமையான பக்கவிளைவுகளைத் தந்தது. அதற்கு அஞ்சி, வைரஸைக் கொன்று ஊசியாக்கும் முயற்சிகள் கடந்த நூற்றாண்டின் நடுவில் நடந்தன. எதிர்ப்பொருள் நன்றாகவே சுரந்தது. பாதுகாப்பு மட்டும் கிடைக்கவில்லை. கொன்று எடுத்த சரக்கில் முதல் கோலம் மட்டுமே இருந்தது, போர்வை போர்த்திய கோலம் இல்லவே இல்லை என்பது 1970களில்தான் தெளிவானது.

அந்தப் பாடத்தைக் கையில் எடுத்தவர் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தின் ஜே ஹூப்பர். இரண்டு கோலங்களிலிருந்தும் இரண்டிரண்டு புரதங்களைத் தேர்ந்து, நான்கின் மரபணுவையும் டிஎன்ஏ ஊசியாகச் செலுத்தி, எம்பாக்ஸிலிருந்து குரங்குகளைக் காக்க முடியும் என்று அவருடைய குழு 2004-இலேயே காட்டிவிட்டது. இருபது ஆண்டுகள் கழித்து மாடர்னா ஊசியில் இருக்கும் எம்1, ஏ29, ஏ35, பி6 ஆகிய நான்கும் அந்த நான்கு புரதங்களின் எம்பாக்ஸ் உருவங்களே. அந்த ஆய்விலும் ஹூப்பர் இருக்கிறார். பயோஎன்டெக் முதல் கோலத்துக்கு ஏ29-க்குப் பதில் எச்3 புரதத்தை எடுத்துக்கொண்டது. மற்ற மூன்றும் அதேதான். எம்ஆர்என்ஏ என்றாலே நேற்று முளைத்த அவசரச் சரக்கு என்று பேசுகிறவர்கள் இந்த வம்சாவளியை ஒருமுறை பார்ப்பது நல்லது. புதியது வண்டி. ஏற்றியிருக்கும் சரக்கு இரண்டு தலைமுறை ஆராய்ச்சி.

பழைய ஊசியையும் குறைத்துப் பேசக் கூடாது. துருக்கியின் அங்காராவில் பேணப்பட்ட வாக்சினியா வைரஸ் ஒன்றை மியூனிக்கில் அன்டன் மாயர் என்ற கால்நடை மருத்துவ விஞ்ஞானி கோழிக்கரு செல்களில் 570 தடவைக்கும் மேலாக மாற்றி மாற்றி வளர்த்தார். கோழிக்குப் பழகிப் பழகி அந்த வைரஸ் தன் மரபணுவில் ஏறத்தாழ 15 சதவீதத்தை இழந்து, மனித உடலில் பெருகும் திறனையே தொலைத்துவிட்டது. அங்காராவின் பெயரைத் தாங்கிய அந்த வைரஸ்தான் எம்விஏ. 1970களில் ஜெர்மனியில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோருக்கு அது போடப்பட்டது. அதன் வழிவந்த எம்விஏ-பிஎன் ஊசியை டென்மார்க்கின் பவேரியன் நார்டிக் நிறுவனம் தயாரிக்கிறது. எச்ஐவி உள்ளவர்களுக்கும் கொடுக்கலாம். 28 நாள் இடைவெளியில் இரண்டு ஊசி போட்டால் 82 சதவீதமும், ஒன்றோடு நிறுத்தினால் 76 சதவீதமும் பலன் இருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. கெட்ட ஊசி என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அதன் சிக்கல் உற்பத்தியில் இருக்கிறது. ஒவ்வொரு தொகுதிக்கும் கோழிக்கரு செல்களை வளர்க்க வேண்டும், அதில் வைரஸை வளர்க்க வேண்டும், பிரித்தெடுத்துச் சுத்திகரிக்க வேண்டும். திடீரென்று பத்து மடங்கு வேண்டும் என்றால் முடியாது. 2022-இல் அமெரிக்காவே இதை அனுபவித்தது. கையிருப்புப் போதாமல், ஒரு குப்பியை ஐந்து பேருக்குப் பிரித்துத் தோலுக்குள்ளேயே போட அந்த ஆகஸ்டில் அனுமதி கொடுத்தார்கள். எம்ஆர்என்ஏவுக்குச் செல்லும் வேண்டாம், முட்டையும் வேண்டாம். நொதிகளைக் கொண்டு கலனில் நடக்கும் வேதிவினை அது. ஆலை ஒன்றுதான், எழுதும் வரிசையை மாற்றினால் ஊசி மாறிவிடும். அம்மை போல எப்போது வரும் என்று தெரியாத நோய்க்கு இந்த இயல்பு பெரிய வரம்.

ஆனால் எப்போது வரும் என்று தெரியாமல் இருந்தது யாருக்கு? காங்கோவின் ஈக்வேட்டர் மாகாணத்தில் ஒன்பது மாதக் குழந்தை ஒன்றுக்கு 1970-இல் இந்த நோய் கண்டறியப்பட்டது. மனிதருக்கு வந்த முதல் எம்பாக்ஸ் அதுதான். அதற்கு முன்பு 1958-இல் கோபன்ஹேகன் ஆய்வகம் ஒன்றில் இருந்த குரங்குகளில்தான் வைரஸ் அகப்பட்டது. பெயரும் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. பெரியம்மைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தவரை எம்பாக்ஸும் அடங்கியே இருந்தது. 1980-களில் காங்கோவில் செய்த ஆய்வின்படி அந்தப் பழைய ஊசி எம்பாக்ஸிலிருந்து சுமார் 85 சதவீதப் பாதுகாப்பைத் தந்தது. 1980-இல் பெரியம்மை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டு, ஊசியும் நின்றது. மேல்கையில் தழும்பு இல்லாத தலைமுறைகள் பிறந்தன. நோய் மெல்லத் தலைதூக்கியது.

2017-இல் நைஜீரியாவின் பாயெல்சா மாநிலத்தில் மருத்துவர் டிமி ஒகோயினாவிடம் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் கொப்புளங்களோடு வந்தான். தொடர்ந்து வந்தவர்களில் பலர் இளைஞர்கள். பிறப்புறுப்பில் புண்கள் இருந்தன. பாலுறவு வழியாகவும் பரவக்கூடும் என்று ஒகோயினா எழுதினார். உலகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐந்தாண்டு கழித்து, 2022-இல், அதே வழியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வைரஸ் பரவியபோதுதான் ஊசிகள் பெட்டியிலிருந்து வெளியே வந்தன. அந்தச் சுற்றில் 111 நாடுகளில் 87,000-க்கும் அதிகமானோருக்கு நோய் கண்டது. இறந்தவர்கள் சுமார் 140 பேர். அந்தக் கணக்கு முடிந்த 2023-ஆம் ஆண்டில் மட்டும் காங்கோவில் 14,626 பேருக்கு நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. 654 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் ஒரு டோஸ்கூட அப்போது இல்லை.

2023 செப்டம்பரில் தெற்கு கிவு மாகாணத்தின் கமிடுகா என்ற தங்கச்சுரங்க ஊரில் 1பி என்ற புதிய கிளை தலைகாட்டியது. 2024 ஆகஸ்ட் 14 அன்று உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலை அறிவித்தது. முதல் தொகுதி ஊசிகள் செப்டம்பர் 5 அன்று ஐரோப்பிய நன்கொடையாகக் கின்ஷாசாவில் இறங்கின. ஊசி போடும் பணி தொடங்க அக்டோபர் ஆகிவிட்டது. பேரம் பேசி யுனிசெஃப் பெற்ற விலை ஒரு டோஸுக்கு 65 டாலர் வரை. இரண்டு ஊசிக்கு 130 டாலர். குழந்தைகள்தான் அதிகம் சாகிறார்கள், கைக்கு வந்த ஊசியோ பெரியவர்களுக்கு உரிமம் பெற்றது. ஜப்பானின் எல்சி16 ஊசியைக் குழந்தைகளுக்கும் போடலாம். ஆனால் அதில் பெருகும் திறனுள்ள வைரஸ் இருப்பதால் நோயெதிர்ப்பு குன்றியவர்களுக்கு ஆகாது. முப்பது லட்சம் டோஸ் தருவதாக ஜப்பான் சொன்னது பாராட்ட வேண்டிய விஷயம்தான். இரண்டு ஊசிகளையும் சேர்த்துப் பார்த்தாலும் எச்ஐவி உள்ள தாயும் அவளுடைய மூன்று வயதுக் குழந்தையும் ஒரே வரிசையில் நின்று ஒரே ஊசியைப் போட்டுக்கொள்ள அன்றைய உரிமங்களின்படி வழியில்லை.

பெருகும் வைரஸ் எதுவும் இல்லாத எம்ஆர்என்ஏ ஊசி நியாயமாக நிரப்ப வேண்டிய இடம் இதுதான். மாடர்னாவின் முதற்கட்ட மனிதப் பரிசோதனை நடந்தது பிரிட்டனில். பங்கேற்றவர்கள் ஆரோக்கியமான பெரியவர்கள். பாதுகாப்பைப் பார்க்க முதலில் அப்படித்தான் செய்வார்கள், அதில் தவறில்லை. தவறு, அதன் பிறகு காங்கோவுக்குப் போகும் சாலை யாருடைய திட்டத்திலும் தெளிவாகப் போடப்படாமல் இருப்பதில்.

மருந்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. பெரியம்மைக்காக உருவாக்கிய டெகோவிரிமாட் மாத்திரை எம்பாக்ஸுக்கும் கைகொடுக்கும் என்று பலர் நம்பியிருந்தார்கள். காங்கோவின் தேசிய உயிரிமருத்துவ ஆய்வு நிறுவனமும் அமெரிக்க நிறுவனமும் சேர்ந்து காங்கோவிலேயே 597 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தன. 2024 ஆகஸ்டில் முடிவு வந்தது: புண் ஆறும் வேகத்தில் மாத்திரையால் பயனில்லை. ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்களில், மாத்திரை பெற்றாலும் வெற்று மாத்திரை பெற்றாலும், இறந்தவர்கள் 1.7 சதவீதம்தான், நாட்டின் பொதுவான இறப்பு விகிதம் 3.6 சதவீதமோ அதற்கு மேலோ. படுக்கையும் ஊட்டமும் சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும் செவிலியரும் கிடைத்ததே வித்தியாசம். தடுப்பூசிக் கட்டுரைகளில் இந்தச் செய்தி வருவதில்லை, வந்தாக வேண்டும். அதோடு இன்னொன்றையும் அந்த ஆய்வு காட்டியது. நோய் இருக்கும் நாட்டிலேயே, அந்த நாட்டு விஞ்ஞானிகளின் தலைமையில், உலகத்தரமான பரிசோதனையை நடத்திவிட முடியும். அங்கே வசதியில்லை என்று இனி யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

எம்பாக்ஸுக்கு மட்டும் என்று இந்த ஊசியைப் பார்த்தால் அதன் பெறுமதி பாதிதான் தெரியும். ஆர்த்தோபாக்ஸ் என்ற குடும்பத்தில் பெரியம்மை, மாட்டம்மை, ஒட்டக அம்மை, வாக்சினியா எல்லாம் உடன்பிறப்புகள். வெளிப்புறப் புரதங்கள் இவற்றில் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. 1796-இல் மாட்டம்மையை வைத்து எட்வர்ட் ஜென்னரால் பெரியம்மையைத் தடுக்க முடிந்ததே இதனால்தான். மாடர்னா ஊசி பெற்ற குரங்குகளின் ரத்தச் சீரம் வாக்சினியாவையும் மாட்டம்மை வைரஸையும் சோதனைக் குழாயில் முடக்கியது. அலாஸ்காவில் 2015-இல் முதன்முதலில் அறியப்பட்ட புதிய அம்மை வைரஸால் 2024 ஜனவரியில் ஒரு முதியவர் இறந்தார். இந்தியாவில் எருமை அம்மை அவ்வப்போது பால் கறப்பவர்களின் கைகளில் புண்ணாக வெளிப்படுகிறது; மகாராஷ்டிரத்தில் பலமுறை பதிவாகியிருக்கிறது. எருமை அம்மை வேறொன்றுமில்லை, வாக்சினியாவின் நெருங்கிய சொந்தம். ஆகவே எம்பாக்ஸுக்கென்று தொடங்கும் ஊசி இந்தக் குடும்பம் முழுவதற்குமான கேடயமாகக்கூடும்.

வைரஸும் சும்மா இருக்கவில்லை. மனித உடலின் ஒரு தற்காப்பு நொதி எம்பாக்ஸின் மரபணுவில் தனக்கேயுரிய வடுக்களை விட்டுச்செல்கிறது. அந்த வடுக்களை எண்ணி, 2பி எனப்படும் நைஜீரியக் கிளை 2016 வாக்கிலிருந்தே மனிதரிடையே இடைவிடாமல் பரவிவந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். 2025 டிசம்பரில் பிரிட்டன், ஆசியாவுக்குப் பயணம் போய்வந்த ஒருவரிடம் 1பி, 2பி இரண்டு கிளைகளும் கலந்த வைரஸைக் கண்டதாக அறிவித்தது. கிளைக்குக் கிளை ஊசி செய்துகொண்டிருந்தால் மாளாது. எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான புரதங்களைக் குறிவைக்கும் முறைக்கு இது இன்னொரு நியாயம்.

எதிர்வாதங்களும் வலுவானவைதான். எம்விஏ உடலுக்கு நூற்றுக்கும் அதிகமான வைரஸ் புரதங்களைக் காட்டுகிறது. நோயை நினைவில் வைத்திருக்கும் டி செல்களுக்கு அது பெரிய பாடப்புத்தகம். எம்ஆர்என்ஏ மூன்று நான்கு பக்கங்களை மட்டும் கிழித்துக் கொடுக்கிறது. ஓராண்டு, ஐந்தாண்டு கழித்து எது நினைவில் நிற்கும் என்பது குரங்குகளில் எட்டு வாரம் கழித்துச் செய்த சோதனையால் தெரிந்துவிடாது. கொரோனா எம்ஆர்என்ஏ ஊசிகள் அரிதாக இளம் ஆண்களுக்கு இதயத் தசை அழற்சியை உண்டாக்கின. எம்பாக்ஸ் ஆபத்து அதிகமுள்ளவர்களில் இளம் ஆண்கள் கணிசம். இதை மறைக்காமல் கண்காணிக்க வேண்டும். அதேவேளை, அமெரிக்கக் கையிருப்பில் உள்ள பழைய பாணி அம்மை ஊசியான ஏகேம்-2000, முதல்முறை போட்டுக்கொள்பவர்களில் ஏறக்குறைய 175-இல் ஒருவருக்கு இதே வகைச் சிக்கலைத் தந்தது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். எம்ஆர்என்ஏவைப் பேயாகக் காட்டுவோர் இந்த இரண்டாம் எண்ணைச் சொல்வதில்லை.

எந்த அளவு எதிர்ப்பொருள் இருந்தால் எம்பாக்ஸ் வராது என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோல் இல்லை. அதனால், ரத்தத்தில் எதிர்ப்பொருளை அளந்து மட்டும் புதிய ஊசியை நிரூபித்துவிட முடியாது. வழி இருக்கிறது, அதுவும் அம்மை ஒழிப்பிலேயே பிறந்த வழி. 1966-இல் நைஜீரியாவில் தடுப்பூசி பற்றாக்குறையாக இருந்தபோது வில்லியம் ஃபோகி எல்லோருக்கும் ஊசி போடும் எண்ணத்தை விட்டுவிட்டு, நோயாளியைச் சுற்றியிருந்தவர்களுக்கும் அவர்களைச் சுற்றியிருந்தவர்களுக்கும் மட்டும் போட்டார். நோய் நின்றது. இந்தியாவிலும் கடைசிக்கட்டத்தில் கைகொடுத்தது அதே வளைய முறை. 2015-இல் கினியாவில் எபோலா ஊசியின் பலனை நிரூபித்ததும் அந்த முறையை அடியொற்றிய பரிசோதனைதான். எம்ஆர்என்ஏ ஊசியை எம்விஏ-வோடு நேருக்கு நேர் நிறுத்தி, தெற்கு கிவுவில் வளையம் வளையமாகச் சோதிக்கலாம். குழந்தைகளையும் உரிய முன்னெச்சரிக்கையோடு தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று குழந்தைகளை ஒதுக்கியதன் விளைவைத்தான் 2024-இல் பார்த்தோம்.

பணம் எங்கே இருக்கிறது? கொள்ளைநோய்த் தடுப்பு முயற்சிகளுக்கான செப்பி கூட்டணி 2023-இல் பயோஎன்டெக்கின் ஊசிக்கு 9 கோடி டாலர் வரை தர முன்வந்தது. ஏழை நாடுகளுக்குக் கட்டுப்படியாகும் விலை என்பது அந்த ஏற்பாட்டின் நிபந்தனைகளில் ஒன்று. மறுபுறம் 2025 ஆகஸ்டில் அமெரிக்க சுகாதார அமைச்சர் ராபர்ட் கென்னடி, எம்ஆர்என்ஏ தடுப்பூசி ஆராய்ச்சிக்கான 22 திட்டங்களை, சுமார் 50 கோடி டாலர் மதிப்புள்ளவற்றை, முடித்துக்கொள்வதாக அறிவித்தார். அவை பெரும்பாலும் சுவாச நோய்களுக்கானவை. ஆனால் பணம் போட நினைக்கும் நிறுவனங்களுக்கு அது சொல்லும் சேதி ஒன்றுதான். ஒரு மாதம் கழித்து, 2025 செப்டம்பர் 5 அன்று, எம்பாக்ஸ் அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோயாளிகள் குறைந்திருந்தது உண்மை. அக்டோபரிலேயே, வெளிநாடு எதுவும் போகாத மூவருக்குக் கலிஃபோர்னியாவில் 1பி கிளைத் தொற்று கண்டறியப்பட்டதும் உண்மை. அவசரம் என்று அறிவித்தால் ஊசிக்கு அலைவது, அவசரம் முடிந்தது என்றால் ஆய்வகத்தைப் பூட்டுவது என்ற இந்தப் பழக்கத்தை 1980 முதல் உலகம் விடவில்லை. தடுப்பூசிச் சோதனையை நடத்தி முடிக்க ஏற்ற காலம் இந்த இடைவேளைதான். கொந்தளிப்பின் நடுவே வளையப் பரிசோதனைக்கு அனுமதி வாங்கவே மாதங்கள் ஓடிவிடும்.

இந்தியாவுக்கு இதில் வேலை இருக்கிறது. நோய் நமக்கு அந்நியமில்லை: 2022 ஜூலையில் ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து கேரளம் வந்தவரிடம் முதலில் கண்டறியப்பட்டது, அதே மாதம் திருச்சூரில் ஓர் இளைஞர் இறந்தார், 2024 செப்டம்பரில் 1பி கிளையும் மலப்புரம் வரை வந்துவிட்டது. அனுபவமும் அந்நியமில்லை. சென்னை கிண்டியில் 1899-இல் கிங் நிறுவனம் தொடங்கப்பட்டதே கன்றுகளின் தோலில் அம்மைப்பால் எடுத்து மாகாணம் முழுவதும் அனுப்பத்தான். அந்த அம்மைப்பாலின் பெரிய எதிரி வெயில். பிரிட்டனின் லிஸ்டர் நிறுவனத்தில் லெஸ்லி கோலியர் 1950களில் உறையவைத்து உலர்த்தும் முறையைச் செம்மைப்படுத்திய பிறகுதான், 37 டிகிரி வெப்பத்தில் ஒரு மாதம் கிடந்தாலும் வீரியம் போகாத ஊசி கிடைத்தது. வெப்பநாடுகளில் பெரியம்மையை வேரறுத்தது அந்த உலர்ந்த ஊசி.

அந்த அளவுகோலை எம்ஆர்என்ஏவின் முன்னால் வைத்தால் இன்றைய ஊசிகள் தேறாது. மின்சாரம் எட்டாத, படகிலும் மோட்டார் சைக்கிளிலும் போய்ச்சேர வேண்டிய ஈக்வேட்டர் கிராமங்களுக்கு உறைபனிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்வது கேலிக்கூத்து. ஆனால் புனேயின் ஜெனோவா நிறுவனம் 2022 ஜூனில் அனுமதி பெற்ற ஜெம்கோவேக் கொரோனா ஊசி எம்ஆர்என்ஏதான். உலர்த்திய தூளாக, சாதாரண குளிர்பதனப் பெட்டியின் 2 முதல் 8 டிகிரியில் வைக்கக்கூடியது. வணிகரீதியாக அது பெரிதாக எடுபடவில்லை, கொரோனா ஓய்ந்த பிறகு வந்தது காரணமாக இருக்கலாம். தொழில்நுட்பம் அதனால் வீணாகிவிடவில்லை. கோலியர் விட்ட இடத்திலிருந்து எம்ஆர்என்ஏவை எடுத்துச்செல்ல உலகில் தகுதியுள்ள வெகுசில ஆலைகளில் ஒன்று நம்மிடம் இருக்கிறது என்பதே அதன் பொருள்.

இந்தியாவின் இன்னொரு ஊசித் தயாரிப்பாளரான சீரம் நிறுவனமும் சும்மா இல்லை. எம்விஏ-பிஎன் தயாரிக்க பவேரியன் நார்டிக்குடன் 2024 நவம்பரில் ஒப்பந்தம் செய்துகொண்டது. 65 டாலர் விலையை உடைக்கக் கூடியவர் யாராவது உண்டென்றால் அது சீரமாகத்தான் இருக்கும். போலியோ, தட்டம்மை ஊசிகளில் அந்த நிறுவனம் செய்துகாட்டியது அதைத்தானே. இது உடனடித் தேவைக்கு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் உலக சுகாதார நிறுவனத்தின் எம்ஆர்என்ஏ தொழில்நுட்பப் பரிமாற்ற மையமான அஃப்ரிஜென் இருக்கிறது, ருவாண்டாவின் கிகாலியில் பயோஎன்டெக் 2023 டிசம்பரில் ஆலை திறந்திருக்கிறது. கிகாலிக்கும் தெற்கு கிவுக்கும் இடையில் ஓர் எல்லைதான். நான்கு புரதங்களின் வரிசையும் ஆய்விதழ்களில் அச்சாகிக் கிடக்கிறது. உலர்த்தும் வித்தை புனேயில், ஆலை கிகாலியில், நோயாளிகளும் பரிசோதனை நடத்தத் தெரிந்த மருத்துவர்களும் காங்கோவில். இவற்றைச் சேர்த்து முடிச்சுப்போட இந்திய உயிரித்தொழில்நுட்பத் துறைக்கும் ஆப்பிரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்கும் இடையில் ஓர் உடன்பாடு போதும். அதில் மூன்று வரிகள் கட்டாயம் இருக்க வேண்டும்: பரிசோதனை காங்கோவில் தொடங்கும், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் இரண்டாம் கட்டத்திலேயே சேர்க்கப்படுவார்கள், விலைக்கான உச்சவரம்பு முதல் டோஸ் போடுவதற்கு முன்பே எழுதப்படும்.